தவறணையை ஒட்டி இடது பக்கம்

சீதாலெட்சுமியை ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார வைத்த ஆள் இந்த உலகத்தில் இல்லை. கல்யாணத்தன்று மணவறையிலிருந்துகூட இரண்டு தடவை எழுந்து போய், பந்திக்கு இலை போதுமா என்று பார்த்துவிட்டு வந்தவள் அவள். ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை சின்னத்தம்பி கூரைத் தகரத்தைப் பார்த்தான். இருபத்திரண்டு வருடமாக அவன் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் ஏறினால் வருகிற தோட்டம். பேப்பரில் ஃபெர்ன்டேல் என்று இருக்கும், சனங்களுக்கு ஆனப்பள்ளம். அங்கே அவளுக்கு வைத்த பெயர் ‘ரோட்டு சீதா’. பாசத்தில் வைத்த பெயரல்ல. கொழுந்தெடுக்கிற காலத்தில் ஒரு நிரையில் நில் என்றால் நிற்க மாட்டாள். கை வேகம், அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தன் நிரை முடிந்ததும் அடுத்தவள் நிரைக்குப் போவாள், அங்கிருந்து காட்டோரத்துக்குப் போவாள், அங்கே என்ன பூத்திருக்கிறது என்று பார்ப்பாள். விடியற்காலையில் எல்லோரையும் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டிலும் அதே கதைதான். அவள் பெயரைக் கூப்பிடும் நேரத்தில் அவள் மட்டும் இருக்க மாட்டாள். “கால்ல வெந்நீர ஊத்திக்கிட்டா வந்திருக்க?” என்று பெயர் கூப்பிடுகிற கண்டாக்கு ஐயா கேட்காத நாள் குறைவு.

பிறகு குவைத். பதினோராவது மாடி. வீட்டுக்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. வயிறாரச் சாப்பாடு போட்டார்கள், கை நீட்டவில்லை. வெளியே போகும்போது மட்டும் கதவைப் பூட்டிக்கொண்டு போவார்கள். சமையலறையிலிருந்து பல்கனிக்குப் பதினான்கு அடி. இரண்டரை வருடம் அந்தப் பதினான்கு அடியை அவள் நடந்தாள். திரும்பி வந்து தலவாக்கலையில் ரயிலை விட்டு இறங்கியதும், கூட்டிப்போக வந்த சின்னத்தம்பியையும் பெட்டிகளையும் ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, தோட்டம்வரைக்கும் ஏற்றத்தில் நடந்தே வந்தாள். அன்றைக்கு வழியெல்லாம் அழுதாள். துக்கத்தில் இல்லை, நடக்கிற சந்தோஷத்தில்.

அப்படிப்பட்டவளுக்கு நடக்கிறதே வேலையாகக் கிடைத்தால் விடுவாளா?

மூன்று வருடத்துக்கு முன்னால் மலைநாட்டின் குறுக்கே ஒரு நடைபாதை போடுகிறோம் என்று ஆட்கள் வந்தார்கள். போட்டார்கள் என்பது பெரிய வார்த்தை. எங்கள் சனங்கள் காலங்காலமாகக் காலால் தேய்த்து வைத்திருந்த குறுக்குப் பாதைகளில் கல்லுக்குக் கல் மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள், அவ்வளவுதான். ஆனாலும் நடக்க ஆட்கள் வந்தார்கள். கொழும்பிலிருந்து வந்தார்கள், வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். பஸ் ஓடுகிற ஊரில் இவர்கள் ஏன் நடந்து சாகிறார்கள் என்று லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தருக்கும் விளங்கவில்லை. சீதாவுக்கு விளங்கியது. இந்த ஆடி மாதம், பாதையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று ஹட்டனில் இருக்கிற நடைபாதை ஆபிசிலிருந்து சுதாகரன் என்கிற பையன் வந்து கேட்டபோது, அவன் பேசி முடிப்பதற்கு முன்னால் கையெழுத்துப் போட்டாள்.

அவள் பொறுப்பில் ஒன்பது கிலோமீட்டர். பெரட்டுக் களத்தில் தொடங்கும். லயத்துக்குப் பின்னால் போய், புதிதாகக் கட்டிய தனி வீடுகளையும் டவுன்காரர்கள் இப்போது காணி வாங்கி எழுப்புகிற மாடி வீடுகளையும் தாண்டி, எட்டாம் நம்பர் மலைக்குள் ஏறும். எங்களுக்கு ஒவ்வொரு தேயிலைத் துண்டும் ஒரு மலைதான், நம்பர் போட்ட மலை. அதற்கு மேலே தவறணை. தேயிலைக் கன்றுகளைப் பையில் நட்டு, பச்சை வலைக்குக் கீழே வளர்க்கிற இடத்தைத் தோட்டத்தில் பிறந்த எவரும் அப்படித்தான் சொல்வார்கள். தவறணையை ஒட்டி இடது பக்கம் இறங்கினால் பிரதான ரோட்டில் முனீராவின் தேத்தண்ணிக் கடை. பாதை அங்கே முடிகிறது. இடது பக்கம் திரும்பாமல் நேரே போனால் பாதுகாக்கப்பட்ட காடு. உள்ளே சிறுத்தை இருக்கிறது, மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கும், ஊருக்கே பெயர் கொடுத்த ஆனைப்பள்ளமும் அங்கேதான் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. அந்தப் பிரிவில் நின்ற அம்புக்குறிப் பலகை ஆனி மாதக் காற்றில் விழுந்தது. யாரோ அதைக் கோழிக்கூட்டுக்குக் கதவாக்கிவிட்டார்கள். புதுப் பலகை மூன்று மொழியில் பளபளவென்று வரும் என்று ஆபிஸ் சொன்னது. ஆபிஸ் சொன்னது ஆனியில். இப்போது ஐப்பசி.

வேலையின் சட்டம் ஒன்றே ஒன்று. பெரட்டுக் களத்துப் புத்தகத்தில் பெயர் எழுதிய எல்லோரும் இரண்டு மணிக்குள் கீழே முனீரா கடைப் புத்தகத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்காக சீதா கடைசி ஆளுக்குப் பின்னால் நடக்க வேண்டும். முன்னால் அல்ல, பின்னால். இதுதான் அவளுக்கு வேப்பெண்ணெய். நடக்கிறது ருசிதான், ஆனால் இன்னொருத்தர் வேகத்தில் நடக்கிறது நிற்பதைவிடக் கொடுமை என்று அவள் நினைத்தாள்.

மூன்று மாதம் பார்ப்போம், பிறகு நிரந்தரம் என்று ஆபிஸ் சொல்லியிருந்தது. மூன்று மாதம் திங்கட்கிழமையோடு முடிகிறது. இந்த வேலை இல்லையென்றால் மறுபடி நிரை, அதுவும் இல்லையென்றால் பதினோராவது மாடி. குவைத் ஏஜென்ட் அந்த வாரமே இரண்டு தடவை போன் பண்ணிவிட்டான். அவன் நம்பரைக் கண்டாலே அவளுக்கு மூச்சு முட்டியது.

வெள்ளிக்கிழமை கடைசியாக வந்தவர் நவரத்தினம் ஐயா. சாவகச்சேரிக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், அறுபத்தேழு வயது. வெள்ளைச் சப்பாத்து, கறுப்புக் குடை, கழுத்தில் கமரா. நல்ல மனுசன், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பத்தடிக்கு ஒரு தடவை நின்றார்.

“பிள்ளை, இதுக்கு இஞ்சை என்ன பேர்?”

முதல் ஐந்து செடிக்கு சீதா ஒழுங்காகப் பெயர் சொன்னாள். பத்தாவது செடிக்கு, “அது சும்மா பூங்க ஐயா” என்றாள். எட்டாம் நம்பர் மலையின் அடிவாரத்துக்கு வரும்போது மணி பன்னிரண்டு. மற்ற நாளில் அவள் கீழே இறங்கி, பால் ஊற்றாத பிளேன்டி குடித்து, மறுபடி மேலே ஏறியிருக்கிற நேரம். உள்ளங்கால் அரித்தது. ஒரு கல்லின் மேல் ஏறி இறங்கினாள். மறுபடி ஏறி இறங்கினாள். வாத்தியாருக்குக் கண் இருந்தது.

“நீங்கள் போறதெண்டால் போங்கோ பிள்ளை. நான் ஆறுதலாய் வாறன். வழியை மட்டும் சொல்லிவிடுங்கோ, காணும்.”

மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அவசரமாக மேலே கையைக் காட்டினாள்.

“நேரா இந்த மலையால ஏறிப் போங்க ஐயா. மேல தவறண வரும். தவறணைய ஒட்டி எடது பக்கமா எறங்கிடுங்க. அதத் தாண்டி நேரா மட்டும் போயிடாதீங்க, காடு.”

“தவறணையோ?” வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார். “இந்த உச்சியிலையும் கொண்டுவந்து வைச்சிருக்கினமோ?”

“வெள்ளக்கார தொர காலத்துலருந்து இருக்குங்க.”

“அவன் வைப்பான், வைப்பான். ஆனா எனக்கு அந்தப் பழக்கம் இல்லைப் பிள்ளை. கண்டுபிடிப்பனோ தெரியேல்லை.”

“பழக்கம் இல்லாட்டியும் கண்ணுல படுங்க. எப்பப் பாத்தாலும் பத்துப் பொம்பளைங்க குனிஞ்சிக்கிட்டு இருப்பாங்க.”

“பொம்பிளையளுமோ!”

“இங்க பூராவும் பொம்பளைங்கதாங்க ஐயா.”

வாத்தியார் முகத்தைச் சுளித்தார். பிறகு, “சரி, மணமே காட்டிக் குடுக்கும்” என்றார். உரத்தின் நாற்றத்தைத்தான் சொல்கிறார் என்று சீதா நினைத்தாள். “ஆமாங்க, மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் போவணும்” என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். அவர் எதற்குச் சிரித்தார் என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. நேரம் என்னவோ நிறைய இருந்தது, கால்தான் நிற்கவில்லை.

ஒரு மணிக்கு முனீரா கடைக்கு வந்துவிட்டாள். முனீரா, கணவன் ஹுசைன் வியாபாரத்துக்குப் போகும் நாட்களில் கடையைத் தனி ஆளாக நடத்துகிறவள். இந்தப் பாதையில் சீதாவுக்கு இருக்கிற ஒரே சிநேகிதி. பிளேன்டியை வைத்தாள். சீதா நின்றுகொண்டே குடித்தாள்.

“ஒக்காந்து குடியேன் புள்ள. பென்ச்சு கடிக்காது.”

“வந்துருவாரு. வந்தோன்ன ஒக்காருறேன்.”

ஒன்றரை. வாசலுக்குப் போய் மேலே பார்த்தாள். ஒன்றே முக்கால். கடையைக் கூட்டினாள். முனீரா காலையிலேயே கூட்டிவிட்டாள்; ஆனாலும் விட்டுவிட்டாள். இரண்டு மணிக்கு, மலை உச்சியில் சவுக்கு மரங்களின் தலை மறைந்தது. பனி இறங்கத் தொடங்கியிருந்தது. இரண்டு பத்துக்குப் போன் அடித்தது. சுதாகரன்.

“அக்கா, எல்லாரும் எறங்கியாச்சா? திங்கக்கெழம காலையிலயே ஆபிஸ் மேடம் ரிப்போட்டப் பாக்குறாங்க. இன்னிக்குக் கணக்கும் சரியா இருந்தா உங்க வேல நிரந்தரமான மாதிரிதான்.”

“எறங்கியாச்சு சார்.”

பொய் சொல்ல வேண்டும் என்று திட்டம் போட்டுச் சொல்லவில்லை. வாய் காலைவிட வேகமாகப் போய்விட்டது. போனை வைத்த பிறகு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது.

முனீரா கேத்தலைக் கீழே வைத்தாள். “ஏன் பொய் சொன்னே? அந்த மனுசன் எங்க?”

“மெதுவா நடக்குற ஆளு. வழியத் தெளிவாச் சொல்லித்தான் விட்டேன். தவறணைய ஒட்டி எறங்குங்கன்னேன். சிரிச்சாரு. எனக்கு அந்தப் பழக்கம் இல்லன்னாரு. பொம்பளைங்க இருப்பாங்கன்னா மொகத்தச் சுளிக்கிறாரு. ஒரு மாதிரி ஆளு.”

“எந்த ஊரு?”

“யாழ்ப்பாணம்.”

முனீரா தலையில் கை வைத்தாள். “அல்லாவே! நானும் எங்க ஆளும் ரெண்டு வருசம் யாழ்ப்பாணத்துல சாரம் விக்கப் போய் இருந்தோம் புள்ள. அங்க தவறணன்னா கள்ளுக்கட!”

சீதாவுக்குச் சிரிப்பு வந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு போகச் சொன்னது ஞாபகம் வந்து இன்னும் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றுவிட்டது. அந்த மனுசன் கள்ளுக்கடையைத் தேடிக்கொண்டு போகிறார். பச்சை வலையும் தேயிலைக் கன்றும் அவர் கண்ணில் பட்டிருக்கும், தவறணை படாது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பெண்கள் லயத்துக்கு இறங்கிய நேரம். கேட்கவும் ஆள் இருந்திருக்காது. தவறணையைக் கண்டால்தானே திரும்புவார்? காணாதவரைக்கும் நேரே போய்க்கொண்டே இருப்பார். காடு தவறணைக்கு அப்பால் என்றுதானே அவளே சொன்னாள்!

அவள் ஓடினாள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஏற்றத்தில் ஓடினாள். பாதி வழியில், சிக்னல் கிடைக்கிற பாறைக்குப் பக்கத்தில் நின்றாள். நிற்காமல் போயிருக்கலாம். வாத்தியாரைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தால் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் கண்டுபிடிக்காவிட்டால்? அவள் ஒருத்திக்கு மட்டும் தெரிந்த ஆளாக அந்த மனுசன் அங்கே கிடக்க வேண்டுமா? நம்பரை அழுத்தினாள்.

“சார், ஒரு ஆளு எறங்கல. காட்டுக்குள்ள போயிட்டாருன்னு நெனக்கிறேன். நான் சொன்னது பொய்.”

சுதாகரனின் குரல் வேறாக வந்தது. “வைல்ட்லைஃப் ஆளுங்களுக்குச் சொல்றேன். வந்து சேர ரெண்டு மணி நேரமாவது ஆகும். நீங்க தனியா உள்ள போகக்கூடாது. அங்கயே நில்லுங்க.”

“எனக்கு நிக்க வராதே சார்” என்றாள். போனை மடியில் சொருகினாள்.

தவறணைக்குப் பக்கத்து ஈரமண்ணில் சப்பாத்துத் தடம் நேரே மேலே போயிருந்தது. ஒரு தயக்கம்கூட இல்லாத தடம். அவள் அதன் பின்னாலேயே போனாள். காட்டுக்குள் நுழைந்தபோது பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை. பாசி பிடித்த வேர்களில் தடம் போன இடம் தெரியவில்லை.

“ஐயா! ஐயா!”

ரொம்ப நேரத்துக்குப் பிறகு, எங்கேயோ வலது பக்கத்திலிருந்து, “ஓம்! ஓம் பிள்ளை!” என்று வந்தது.

உயிர் வந்தது. குரல் வந்த பக்கம் விறுவிறுவென்று போனாள். கூப்பிட்டுக்கொண்டே போனாள். பதிலும் கிட்டே வந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சந்தோஷம், அப்படியே இன்னும் இருபது அடி போயிருப்பாள். முகத்தில் கீழேயிருந்து மேலாகக் காற்று அடித்தது. தட்டை நிலத்தில் காற்று அப்படி அடிக்காது. நின்றாள். அவர் அந்தக் கரை, அவள் இந்தக் கரை, நடுவில் ஆனைப்பள்ளம். அவள் குரலைப் பிடித்துக்கொண்டு வாத்தியார் அதற்குள்தான் நடந்து வந்துகொண்டிருக்கிறார்.

“நில்லுங்க! அங்கனயே நில்லுங்க! கால எடுத்து வைக்காதீங்க!”

“ஏன் பிள்ளை?”

“முன்னால பள்ளம்!”

ஒரு கல் உருண்டு போகிற சத்தம் கேட்டது. விழுந்து முடிகிற சத்தம் கேட்க நேரமெடுத்தது.

“நிண்டுட்டன்” என்று வாத்தியாரின் குரல் மெல்ல வந்தது. “நீங்களும் நில்லுங்கோ பிள்ளை. நீங்கள் அசைஞ்சால் எனக்குத் திசை பிழைக்குது.”

நிற்க வேண்டும். பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகத் தலைப்புறத்தில் வழி உண்டு, ஆனால் இந்தப் பனியில் அது அவளுக்கே தெரியாது. அதோடு அவள் நகர்ந்தால் குரல் நகரும், குரல் நகர்ந்தால் அந்த மனுசன் பயத்தில் பின்னால் வருவார். சின்னத்தம்பி சொல்லி, கண்டாக்கு ஐயா சொல்லி, குவைத்தில் பூட்டு சொல்லி நடக்காத காரியத்தை இப்போது அவளே செய்ய வேண்டும். ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் பத்து நிமிடம் உயிர் போனது. அட்டைகள் கணுக்காலில் ஏறின. தட்டிவிட்டால் கால் அசையும், அசைந்தால் இன்னொரு அடி எடுத்து வைக்கத் தோன்றும் என்று பயந்து, ஏறட்டும் சனியன் என்று விட்டாள். மரத்தின் பட்டையை நகத்தால் உரித்தாள்.

“பிள்ளை, நிக்கிறியளோ?”

“நிக்கிறேங்க. ஐயா, நான் அடிக்கடி கூப்புடுறேன், பதில் சொல்லிக்கிட்டே இருங்க.”

“பள்ளிக்கூடத்திலை இடாப்புக் கூப்பிடுறமாதிரி எண்டுங்கோ. பேரைச் சொல்லியே கூப்பிடுங்கோ. ஐயா எண்டால் ஊரிலை எல்லாரும் ஐயாதான்.”

“வயசுல பெரியவங்க, எப்புடிங்க…”

“கூப்பிடுங்கோ!”

“நவரத்தினம்!”

“உள்ளேன்!” என்று பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. நாற்பது வருடம் பிள்ளைகள் அவருக்குச் சொன்ன பதில். பிறகு அவர் கூப்பிட்டார், “சீதாலெட்சுமி!”

“இருக்கேன்!” என்றாள்.

சொன்ன பிறகுதான் அது உறைத்தது. எத்தனை பெரட்டில் இந்தப் பெயரைக் கூப்பிட்டிருப்பார்கள்! ஒரு நாளாவது கூப்பிட்டவுடன் இருந்திருக்கிறாளா? அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. கையை மரத்திலிருந்து எடுக்கப் பயமாக இருந்தது.

அப்படியே ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. நவரத்தினம், உள்ளேன். சீதாலெட்சுமி, இருக்கேன். நடுவில் ஒரு தடவை வாத்தியார் கேட்டார். “பிள்ளை, உந்தத் தவறணை எங்கை இருக்கு? நான் காணவே இல்லை.”

“பச்ச வல கட்டி, கன்னு வச்சிருந்தாங்களே, பாக்கலயா?”

“அதுவோ?” என்று இழுத்தார். “அதை நாங்கள் நாற்றுமேடை எண்டுவம். நான் கள்ளுக் கொட்டிலைத் தேடினனான்.”

“தெரியுங்க. இப்பத்தான் தெரியும்.”

“பத்துப் பொம்பிளையள் குனிஞ்சபடி எண்டியள். நான் என்னென்னவோ நினைச்சுப்போட்டன்” என்றார். பள்ளத்தின் இரண்டு கரையிலும் ஆளுக்கு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

நாலேகாலுக்குக் காற்று திரும்பியது. பனி கிழிந்து போனபோது அவர் தெரிந்தார். விளிம்புக்கும் அவருக்கும் நடுவில் மூன்றடி இருந்தது. குடையை மண்ணில் ஊன்றி அதைப் பிடித்தபடி நின்றிருந்தார். சீதா பள்ளத்தின் தலைப்புறத்தால் சுற்றிப் போய் அவர் கையைப் பிடித்தாள். பிடித்த கையை முனீரா கடை வரைக்கும் விடவில்லை. அவர் பத்தடிக்கு ஒரு தடவை நின்றார். அவளும் நின்றாள். இந்தத் தடவை செடிக்காக நிற்கவில்லை, அவருக்குக் கால் நடுங்கியது.

கடை வாசலில் வைல்ட்லைஃப் ஜீப்பும் சுதாகரனும் அப்போதுதான் வந்திருந்தார்கள். சுதாகரன் வாத்தியாருக்குக் கதிரை போட்டு, தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டான். பிறகு சீதாவைத் தனியாகக் கூப்பிட்டான்.

“ஆள விட்டுட்டு வந்ததையும் எழுதணும். பொய் சொன்னதையும் எழுதணும். நான் மறைக்க மாட்டேன் அக்கா.”

“எழுதுங்க சார். திருப்பி நானே சொன்னேனே, அதையும் எழுதுங்க.”

சனிக்கிழமை வீட்டில் அவள் சமைத்தாள், துவைத்தாள், வெளியே போனாள், உள்ளே வந்தாள். ஏஜென்டின் நம்பர் போனில் வந்தது, எடுக்கவில்லை. பத்து மணிக்குக் வீட்டின் பின்பக்கக் கோடிப்புறம் போய், முன்பு சமைத்த பழைய குசினிக் கதவைக் கழற்றிக்கொண்டு வந்து சின்னத்தம்பியின் முன்னால் போட்டாள். ஃபெக்டரியில் தேயிலை மூட்டைகளுக்கு மார்க் அடிக்கிற வேலை அவனுக்கு. எழுத்து முத்துமுத்தாக வரும்.

“எழுதுங்க.”

அவன் வழக்கம்போலக் கூரைத் தகரத்தைப் பார்த்தான். பிறகு பெயிண்ட் டப்பாவைத் திறந்தான். “என்னான்னு எழுத?”

திங்கட்கிழமை பதினொரு மணிக்குச் சுதாகரன் கடிதத்தோடு தவறணைக்கே வந்தான். சீதா அங்கே நின்றிருந்தாள். கடிதத்தை வாங்கிப் படித்தாள். வேலையை விட்டு நீக்கவில்லை. மேலும் மூன்று மாதம் தவணை. ஆனால் நடைக் கடமையிலிருந்து நீக்கப்படுகிறாள். பலகை வரும்வரை, காட்டுப்பாதை பிரியும் இடத்தில் காலை எட்டு மணி முதல் பிற்பகல் இரண்டு மணிவரை நின்று, நடப்போரை இடது பக்கம் திருப்பிவிடுதல் வேண்டும்.

இரண்டாம் தடவையும் படித்தாள். பல்கனியிலிருந்து சமையலறைக்குப் பதினான்கு அடி. இங்கே அதுகூட இல்லை.

“பலக எப்ப சார் வரும்?”

சுதாகரன் கன்றுகளைப் பார்த்தான். அவனுக்கே தெரியாததை அவன் எப்படிச் சொல்வான்?

அவள் நகர்ந்து நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால், இரண்டு சவுக்குக் கட்டைகளில் அறைந்து, குசினிக் கதவு நின்றது. புகை படிந்த மரத்தில் வெள்ளை எழுத்து. தவறணை. அதற்குக் கீழே, தேயிலை நாற்றுமேடை. இடது பக்கம் ஓர் அம்பு: ரோட்டுக்கு. நேரே ஒரு சிவப்புப் பெருக்கல்: காடு, பள்ளம், போக வேண்டாம். சிங்களத்திலும் இங்கிலீஷிலும் மகள் டிலானி எழுதியிருந்தாள். ஒரு மூலையில் பழைய தாழ்ப்பாள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

“நிக்கிறதுக்கு அது இருக்கு சார்” என்றாள். “என்னைய நடக்க விடுங்க. சொன்ன மாதிரி கடைசி ஆளுக்குப் பின்னால நடக்குறேன்.”

சுதாகரன் பலகையைப் பார்த்தான். தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு தவறணைக்கு அந்தப் பக்கம் போனான். மேடத்தோடு பேசுகிறான் என்று தெரிந்தது, என்ன பேசுகிறான் என்று காதில் விழவில்லை. சீதா நின்றாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். கன்றுகளுக்குத் தண்ணீர் விட்ட பெண்கள் குனிந்தவாக்கில் அவளையே பார்த்தார்கள். ரோட்டு சீதா ஒரே இடத்தில் நிற்பதை அவர்கள் கண்டதில்லை.

திரும்பி வந்தவன் கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கி மடித்தான்.

“பலகைய போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க. உங்களை நடக்க விடச் சொல்லிட்டாங்க. தவண மூணு மாசம், அது மாறாது. இன்னொரு தடவ ஆள விட்டுட்டுப் போனீங்கன்னா நான் பேச மாட்டேன்.” பாதையின் கீழ்ப்பக்கம் பார்த்தான். “இன்னிக்கு யாராச்சும் வாறாங்களா?”

எட்டாம் நம்பர் மலையில், கொழும்பிலிருந்து வந்த வயதான புருசனும் பெண்சாதியும் ஏறிக்கொண்டிருந்தார்கள். பெண்சாதிக்கு முழங்காலில் வலி போலிருக்கிறது. ஐந்தடிக்கு ஒரு தடவை நின்றாள். சீதா இறங்கிப்போய் அவர்களுக்குப் பின்னால் சேர்ந்துகொண்டாள். அந்த அம்மா நின்றபோது நின்றாள். உள்ளங்கால் அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்த அம்மா அடுத்த அடி எடுத்து வைக்கும்வரைக்கும் காத்திருந்தாள்.